யார் இந்த ஜென்னி லீ? 'கரஸ்'ல டிகிரி படிக்கிறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய கதை!

வேலைக்குப் போய்க்கிட்டே 'கரஸ்'ல டிகிரி முடிச்சவங்க நம்ம சொந்தத்துல ஒருத்தராவது இருப்பாங்க. ஆனா, பள்ளிப் படிப்பையே முடிக்காதவரும் நேரா டிகிரியில் சேரலாம்னு சொன்னா? பிரிட்டனில் 1971-ல் அதைத்தான் செய்து காட்டியது திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அதற்காக அரசுக்குள் மல்லுக்கு நின்றவர் ஜென்னி லீ.

பாதி ஃபீஸ் கட்டியது யார்?

1904-ல் ஸ்காட்லாந்தின் லாக்கெல்லி என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர் லீ. அப்பா சுரங்கத் தொழிலாளி. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தாலும், கட்டணம் கட்ட வீட்டில் வழியில்லை. பாதியை கார்னகி அறக்கட்டளை ஏற்க, உள்ளூர் நிர்வாகமும் கைகொடுத்தது. அப்படித்தான் பட்டதாரி ஆனார்.

எம்.பி. ஆனார், ஆனால் ஓட்டு இல்லை!

1929 மார்ச்சில் நடந்த இடைத்தேர்தலில் ஜெயித்து எம்.பி. ஆனபோது லீக்கு வயது 24. ஆனா, அவரால் ஓட்டு போட முடியாது! 30 வயதுக்குக் குறைவான பெண்களுக்கும் ஓட்டுரிமை தரும் சட்டம் 1928-லேயே வந்துவிட்டாலும், அவர்கள் முதன்முதலில் ஓட்டு போட்டது அந்த வருஷம் மே மாதப் பொதுத்தேர்தலில்தான்.

கேலிக்கு நடுவே ஒரு பல்கலைக்கழகம்

டி.வி., ரேடியோ வழியாகப் பாடம் நடத்தும் பல்கலைக்கழகம் பற்றி 1963-ல் பேசியவர் ஹரோல்ட் வில்சன். அவர் பிரதமரானதும், இந்தப் பொறுப்பு அமைச்சர் லீயிடம் வந்தது. நிதித்துறை தயங்கியது. கல்வியாளர்கள் பலர் சிரித்தார்கள். லீ ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே இல்லை. சேர்வதற்குத் தகுதி கேட்கக் கூடாது, ஆனால் பட்டத்தின் தரம் மற்ற பல்கலைக்கழகங்களுக்கு ஒரு துளியும் குறையக் கூடாது.

1969-ல் அரச சாசனம் கிடைத்தது. அடுத்த வருஷமே ஆட்சி மாறியது, லீயும் தோற்றார். புதிய அரசில் திட்டத்தையே மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அதைப் பிழைக்க விட்டவர் எதிர்க்கட்சிக்காரரான மார்கரெட் தாட்சர். அப்போது அவர்தான் கல்வி அமைச்சர்.

1971 ஜனவரியில் சுமார் 24,000 பேருடன் வகுப்புகள் தொடங்கியபோது, லீ அமைச்சரும் இல்லை, எம்.பி.யும் இல்லை.

கதவு திறந்தது, ஃபீஸ்?

1988-ல் லீ மறைந்தார். இந்தியாவில் இக்னோ உள்பட பல நாடுகளின் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களுக்கு அவரது கனவு முன்மாதிரி ஆனது.

ஆனால் பணப் பிரச்சினை தீரவில்லை. 2012-ல் இங்கிலாந்தில் அரசு மானியம் வெட்டப்பட்டு கட்டணம் எகிறியது. பகுதிநேர மாணவர் எண்ணிக்கை மளமளவென சரிந்தது. ஸ்காட்லாந்தில் வருமானம் குறைந்தவர்களுக்கு கட்டண உதவி தொடர்கிறது. வெளிநாட்டிலிருந்து படிப்பவருக்கு பொதுவாக இந்தச் சலுகைகள் எட்டுவதில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கு. கேம்பஸ் மாணவர்கள் கட்டணம் உயர்ந்தால் வாசலில் கூடிக் கேட்பார்கள். ஆளுக்கொரு ஊரில், ஏன், ஆளுக்கொரு நாட்டில் உட்கார்ந்து படிப்பவர்கள் எங்கே கூடுவது? அதனால்தான் இந்தப் பல்கலைக்கழகத்துக்கென தனி மாணவர் சங்கம் உருவானது. அதன் தலைவருக்கு நிர்வாகக் குழுவிலேயே இடம் உண்டு.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலைப் படிப்பில் சேரப் போறீங்களா? பட்டம் நம்ம ஊரில் செல்லுமா, தேர்வுக் கட்டணம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு, பிரச்சினை வந்தால் நமக்காகப் பேச யார் இருக்காங்கன்னு முதல்ல கேளுங்க. பாதி ஃபீஸை யாரோ கட்டியதால் படித்து, ஓட்டில்லாத வயதில் சபைக்குள் நுழைந்த லீக்கு இந்தக் கேள்விகளின் அருமை தெரிந்திருக்கும்.