400 விலாங்குகளை அறுத்த மாணவர்

மனோதத்துவ மேதை சிக்மண்ட் பிராய்டு இளமையில் மீன் அறுத்தவர் என்றால் நம்புவீர்களா?

1856-ல் பிறந்த அவர், வியன்னா சர்வகலாசாலையில் மருத்துவம் படித்தார்.

ஆண் விலாங்கு மீனின் விந்துப் பை எது? அந்நாளில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விலாங்கு சேற்றில் பிறப்பதாக அரிஸ்டாட்டிலே நம்பினார்!

1876-ல் பேராசிரியர் அவரைத் திரியெஸ்தே துறைமுகத்துக்கு அனுப்பினார். கையெல்லாம் ரத்தமாக, பிராய்டு சுமார் 400 விலாங்குகளை அறுத்தார். சிறு உறுப்பு ஒன்று தென்பட்டது. அதில் விந்து இல்லை. முடிவு சொல்ல முடியாமல் திரும்பினார்.

பிழை அவருடையதல்ல. விலாங்கு ஆற்றில் வளர்ந்து, இனம் பெருக்க நடுக்கடலுக்குப் போகும். பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன் பெருகினால்தான் விந்துப் பை முதிரும். கடல் யாத்திரை தொடங்கும் வரை மூளை அதைத் தடுத்து வைக்கிறது.

1936-ல் பிரெஞ்சு விஞ்ஞானி மோரிஸ் பொன்தேன், கர்ப்பிணிகளின் சிறுநீரிலுள்ள ஹார்மோனை ஊசி போட்டு ஆண் விலாங்கை முதிரச் செய்தார். அப்போது பிராய்டுக்கு வயது 80. மூன்று ஆண்டுகளில், லண்டனில் காலமானார்.