படுக்கையருகே ஒரு துறவி: சுவாமி கல்யாணானந்தர்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூடப்பட்டன. ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கு வேலையைத் தொடங்கிய 1880 முதல் கணக்கிட்டால் ஏறத்தாழ 120 ஆண்டுகள். வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள் அங்கே பூமிக்கடியில் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். பாறையைத் துளைக்கும்போது எழுந்த நுண்ணிய தூசி அவர்களில் பலருடைய நுரையீரலில் படிந்தது. சிலிக்கோசிஸ் எனப்படும் அந்த நோயைக் குணமாக்கும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மூச்சுக்குத் தவிக்கும் நோயாளிக்குத் தம்மால் இயன்றதைச் செய்துவிட்டு மருத்துவர் அடுத்த படுக்கைக்குச் சென்றாக வேண்டும். அதன் பிறகு அவனருகே இருப்பவர் யார்?

கிறிஸ்தவ மரபில் இதற்கென்றே குருமார்கள் உண்டு. மருத்துவமனைக்குச் சென்று நோயாளியின் பக்கத்தில் அமர்வதும் பிரார்த்திப்பதும் அவர்களது கடமைகளுள் ஒன்று. இந்துத் துறவு மரபில் அத்தகைய பணியை எவரும் வகுத்து வைக்கவில்லை. அதைத் தம் வாழ்க்கையினால் வகுத்துக் காட்டியவர்களுள் ஒருவர், தங்கவயலுக்கு வெகு தொலைவில் இமயத்தின் அடிவாரத்தில் வாழ்ந்த சுவாமி கல்யாணானந்தர்.

தக்ஷிணாரஞ்சன் குஹா என்பது அவரது பூர்வாசிரமப் பெயர். இன்று பங்களாதேஷில் உள்ள பாரிசால் பகுதியில் 1874-ஆம் ஆண்டு பிறந்தார். 1898-இல் மடத்திற்கு வந்து, பின்னர் சுவாமி விவேகானந்தரிடம் சன்னியாசம் பெற்றார். குருதட்சிணையாக எதைத் தருவாய் என்று சுவாமிஜி விளையாட்டாகக் கேட்டபோது, தன்னிடம் தன்னைத் தவிர வேறொன்றும் இல்லை என்றும், தன்னையே விற்று அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றும் அந்த இளைஞர் விடையளித்தாராம். மற்றொரு முறை சுவாமிஜிக்குப் பனிக்கட்டி தேவைப்பட்டது. கல்யாணானந்தர் கல்கத்தா சென்று வாங்கி, உருகி வழியும் அந்தச் சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு பேலூர்வரை நடந்தே வந்தார். அதைக் கண்டு மனம் நெகிழ்ந்த சுவாமிஜி, இவன் ஒருநாள் பரமஹம்ச நிலையை அடைவான் என்று சொன்னதாக மடத்தின் பழைய துறவியர் கூறுவதுண்டு. சுமை தூக்கிய ஒருவருக்குக் கிடைத்த ஆசி அது. தியானத்தில் மூழ்கியிருந்த ஒருவருக்குக் கிடைத்ததன்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஹரித்துவாரத்திலும் ரிஷிகேசத்திலும் வாழ்ந்த சாதுக்களின் நிலையைச் சுவாமிஜி நேரில் அறிந்திருந்தார். 1890-இல் பரிவ்ராஜகராக ரிஷிகேசத்தில் தங்கியிருந்தபோது, கடுமையான காய்ச்சலால் அவரே சாவின் விளிம்புவரை சென்றார். அருகில் மருத்துவர் இல்லை. நாடித்துடிப்பு தளர்ந்து, உடல் குளிர்ந்து, குருசகோதரர்கள் நம்பிக்கை இழந்து நின்றனர். அப்போது எங்கிருந்தோ வந்த ஒரு சாது, தேனில் திப்பிலிப் பொடியைக் குழைத்து அவரது வாயில் இட்டார். அதன் பிறகே கண் திறந்தார். அத்தகைய சாது ஒருவர் வாய்க்காத எத்தனை பேர் புற்குடிசைகளில் தனியே மாண்டிருப்பார்கள் என்ற எண்ணம் அவரை விட்டு அகலவே இல்லை. அந்தத் துறவியருக்காக ஏதாவது செய்ய முடியுமா என்று கல்யாணானந்தரிடம் கேட்டார். அங்கு போனபின் வங்காளத்தை மறந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

அதற்கு முன்பே ராஜபுதனத்தின் கிஷன்கட்டில் பஞ்ச நிவாரணப் பணியில் ஈடுபட்டு, பசியையும் நோயையும் அருகிலிருந்து கண்டவர் கல்யாணானந்தர். 1901-ஆம் ஆண்டு ஹரித்துவாரத்தை அடுத்த கன்கலில் இரண்டு சிறிய அறைகளை வாடகைக்கு எடுத்தார். அவரிடம் இருந்தது ஒரு சிறு மருந்துப் பெட்டி. தமது உணவைப் பிச்சையெடுத்து உண்டார். நோயுற்றுக் கிடக்கும் சாதுக்களின் குடிசைகளைத் தேடிச் சென்று மருந்து கொடுத்தார். எழுந்திருக்க இயலாதவர்களைத் தம் இடத்திற்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டார். மருத்துவரும், சமையற்காரரும், துப்புரவாளரும் அவரே.

1903-இல் அவருக்கு ஒரு துணை கிடைத்தது. சுவாமி நிச்சயானந்தர் மராட்டியர், படைவீரராக இருந்தவர், அவரும் சுவாமிஜியின் சீடர். சுவாமிஜியின் மறைவுக்குப் பின் அலைந்து திரிந்து கன்கலுக்கு வந்தவர், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே தங்கிவிட்டார். ரிஷிகேசத்தில் உள்ள நோயாளிகளுக்காக மருந்துப் பெட்டியைச் சுமந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நடந்து சென்று, மாலையில் மீண்டும் அதே வழியில் நடந்து திரும்புவார். படைவீரரின் கால்கள் அப்படிப் பயன்பட்டன.

இருவரும் நோயாளிகளின் மலத்தையும் சீழையும் தம் கையால் அகற்றினர். பேதியால் நனைந்த துணிகளைத் துவைத்தனர். இதைக் கண்ட அப்பகுதித் துறவியரில் பலர் அவர்களைப் பங்கி சாதுக்கள், அதாவது மலம் அள்ளும் சாதுக்கள், என்று அழைத்தனர். தம்முடன் உணவு உண்ண அனுமதிக்கவில்லை. உடல் மாயை, செயல் பந்தம் என்று உபதேசிப்பவர்களுக்கு இவர்களது வாழ்க்கை துறவின் வீழ்ச்சியாகத் தோன்றிற்று. இந்த எதிர்ப்பை வெறும் ஆசாரப் பிடிவாதம் என்று தள்ளிவிட இயலாது; அதற்குப் பின்னால் ஒரு தத்துவ வாதம் இருந்தது. செயலால் ஞானம் விளையாது என்று சங்கரர் நிறுவியிருக்கும்போது, சன்னியாசி மருந்தரைத்துக்கொண்டிருக்கலாமா? நியாயமான கேள்விதான். ஆனால் உடல் பொய் என்ற சொல்லைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது வேறு, வலியால் முனகுபவனிடம் சொல்வது வேறு. முன்னது விவேகம். பின்னதோ, தனக்கு வரக்கூடிய சிரமத்திலிருந்து தப்பிக்கும் வழியாக எளிதில் மாறிவிடும். கேலி செய்தவர்களும் நோயில் விழுந்தபோது இந்த இருவரிடமே வந்தனர். அவர்களுக்கும் அதே கைகள்தாம் பணிவிடை செய்தன.

இந்த ஒதுக்கல் நீங்கியதற்கு ரிஷிகேசம் கைலாச ஆசிரமத்தின் தலைவர் தனராஜ் கிரி காரணமானார். சுவாமி அபேதானந்தர் வேதாந்தம் கற்றது இவரிடமே. வடநாட்டுத் துறவியரிடையே பெருமதிப்புப் பெற்ற பண்டிதர். ஒரு பண்டாராவில், அதாவது சாதுக்களுக்கான விருந்தில், கன்கலின் இருவரையும் காணாமல் விசாரித்தார். காரணம் தெரிந்ததும், அவர்கள் வராத பந்தியில் தாம் அமர்வதில்லை என்று கூறிவிட்டார். ஆள் அனுப்பி அழைத்துவந்து, தம் அருகிலேயே அவர்களை அமர்த்திக்கொண்டார். அன்றிலிருந்து பந்தியில் அவர்களுக்கு இடமிருந்தது. வேதாந்தத்தைக் கரைத்துக் குடித்த ஒருவர், வாதம் எதுவும் செய்யாமல் இலையை நகர்த்தி வைத்து முடிவு செய்த விஷயம் இது.

இடம் விரிந்தது. 1903-இல் நிலம் வாங்கினார்கள்; கட்டிடங்கள் எழுந்தன. சாதுக்களுக்கென்று தொடங்கிய சேவாசிரமம், யாத்திரிகர்களுக்கும் சுற்றுப்புற ஏழைகளுக்கும், சாதி மத வேறுபாடின்றி மருத்துவமனை ஆயிற்று. 1912-இல் சுவாமி பிரம்மானந்தர் அங்கு வந்து தங்கியபோது துர்கா பூஜை நிகழ்ந்தது.

கல்யாணானந்தர் சொற்பொழிவாளர் அல்லர். நூல்கள் எழுதியவரும் அல்லர். நோயாளிகளுக்கு அவர் அளித்த ஆறுதலைத் தேடினால் உபதேசங்கள் கிடைப்பதில்லை. வேளை தவறாத மருந்தும், கழுவிய பாயும், பத்தியக் கஞ்சியுமே கிடைக்கின்றன. கங்கைக் கரையில் உயிர் விடுவதற்காகவே வீட்டைத் துறந்து வந்த முதிய சாதுவுக்கு ஆன்மாவின் அழிவின்மையைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அது அவர் வாழ்நாள் முழுவதும் படித்த பாடம். அந்த நேரத்தில் அவர் வேண்டுவது, படித்ததை நினைப்பதற்கு இயலாதபடி உடல் துன்புறுத்தாமல் இருப்பதும், பக்கத்தில் ஒரு மனிதர் இருப்பதும். நோயாளியை நாராயணனாகக் காண வேண்டும் என்று சுவாமிஜி சொல்லியிருந்தார். வழிபாட்டில் தெய்வத்திற்கு நாம் உபதேசம் செய்வதில்லை. நீராட்டுகிறோம், ஆடை உடுத்துகிறோம், நைவேத்தியம் படைக்கிறோம். அந்த வரிசையில்தான் கன்கலின் பணியும் நடந்தது.

பிற்காலத்தில் இளைஞர்கள் பணிக்கு வந்து சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர், சுவாமி அகண்டானந்தரின் சொற்படி பம்பாயிலிருந்து கன்கல்வரை வெறுங்காலுடன் நடந்தே வந்த நாராயணர். பின்னாளில் சுவாமி சர்வகதானந்தராக அமெரிக்காவின் பாஸ்டனில் நெடுங்காலம் வேதாந்தப் பணி செய்தவர். கல்யாணானந்தரின் இறுதி ஆண்டுகளைப் பற்றி உலகம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அவரது நினைவுகளிலிருந்து வந்தவை.

1934 அக்டோபரில் நிச்சயானந்தர் மறைந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1937 அக்டோபரில், மலைவாசத்தலமான முசோரியில் கல்யாணானந்தர் உடலை நீத்தார். இரண்டு அறைகளில் தொடங்கிய மருத்துவமனை கன்கலில் இன்றும் நடைபெற்று வருகிறது. குருவின் சொல்லை ஏற்று 1901-இல் கன்கலுக்கு வந்த அவர், அந்த 36 ஆண்டுகளில் ஒருமுறைகூட வங்காளத்திற்குத் திரும்பிச் செல்லவில்லை.