தாமஸ் பெயின்பிரிட்ஜ் பிளெச்சர்

தாமஸ் பெயின்பிரிட்ஜ் பிளெச்சர் (1878 - 1950) ஓர் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஆவார். பிரித்தானிய அரச கடற்படையில் கணக்குப் பிரிவு அலுவலராகப் பணியாற்றிய இவர், முறையான பூச்சியியல் பதவி எதையும் வகிக்காத காலத்திலேயே சிற்றந்துப் பூச்சிகளைக் குறித்த ஆய்வில் பெயர் பெற்றார். பின்னர் சென்னை மாகாணத்தின் அரசுப் பூச்சியியலாளராகவும், இந்தியாவின் இரண்டாவது பேரரசுப் பூச்சியியலாளராகவும் விளங்கினார். இறகு அந்துகள் எனப்படும் டெரோபோரிடே குடும்பத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களுள் இவர் முதன்மையானவர்.

இறகு அந்துகள்

பிளெச்சரின் பணியை அறிய, அவர் ஆராய்ந்த பூச்சியைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். இறகு அந்தின் முன்சிறகு பெரும்பாலும் இரண்டாகவும் பின்சிறகு மூன்றாகவும் பிளவுபட்டிருக்கும். ஒவ்வொரு பிளவின் ஓரத்திலும் நுண்மயிர்கள் அடர்ந்திருப்பதால் அது பறவையின் இறகைப் போலத் தோன்றும். ஓய்வு நிலையில் சிறகுகளைச் சுருட்டி இருபுறமும் நீட்டி அமர்வதால் இப்பூச்சி ஆங்கில எழுத்தான 'டி' வடிவில் காணப்படும். இரவில் விளக்கொளிக்கு வந்து சுவரில் ஒட்டியிருக்கும் இதனைக் காய்ந்த புல்துண்டு என்றோ கொசு என்றோ கருதிப் பலர் கவனியாது விட்டுவிடுவர்.

உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இறகு அந்து இனங்கள் உள்ளன. அவற்றுள் பல பழுப்பு நிறமாகவும் ஒன்றைப்போல் மற்றொன்றாகவும் இருப்பதனால், சிறகைப் பார்த்து மட்டும் இனத்தை உறுதி செய்தல் அரிது. இக்காலத்தில் இனப்பெருக்க உறுப்புகளை உருப்பெருக்கியில் ஆய்ந்தே முடிவு செய்கின்றனர். பிளெச்சர் பெரிதும் கையாண்ட வழி வேறு. புழுவை அது உண்ணும் செடியோடு கொண்டுவந்து, கூட்டுப்புழுவாகி அந்தாக வெளிவரும் வரை வளர்த்துப் பார்ப்பதே அவ்வழி.

கடற்படையில்

1905 ஆம் ஆண்டு பேராசிரியர் ஸ்டான்லி கார்டினர் தலைமையில் பெர்சி ஸ்லேடன் அறக்கட்டளையின் ஆய்வுக்குழு, சீலார்க் என்னும் கடற்படைக் கப்பலில் கொழும்பிலிருந்து புறப்பட்டது. சாகோஸ், மொரிசியஸ், சீசெல்சு முதலிய தீவுகளில் ஆய்வு நடைபெற்றது. அக்கப்பலின் அலுவலர்களுள் ஒருவராயிருந்த பிளெச்சர், கரை சேர்ந்த இடங்களிலெல்லாம் வண்ணத்துப் பூச்சிகளையும் அந்துகளையும் சேகரித்தார். கடலால் சூழப்பட்ட சிறு தீவுகளுக்கு இத்துணை மெல்லிய உயிர்கள் எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதே அவர் மனத்தில் எழுந்த வினா. பூச்சிகளின் பரவலையும் பரவும் முறைகளையும் குறித்த அவரது கட்டுரை 1910 இல் இலண்டன் லின்னேயன் கழகத்தின் வெளியீட்டில் வந்தது.

இலங்கையில் இருந்தபோது அவர் கண்டறிந்த ஒன்று குறிப்பிடத்தக்கது. அழுகண்ணி என்பது பசைத்துளிகளால் சிறு பூச்சிகளைப் பிடித்து உண்ணும் செடி. அச்செடியையே தின்று வாழும் இறகு அந்துப் புழு ஒன்றை அவர் வளர்த்து, அதனைப் புதிய இனமாக விவரித்தார். இன்று அது பக்லேரியா பலுடிகோலா எனப்படுகிறது. இதன் நெருங்கிய உறவினம் ஐரோப்பாவில் இதே வகைச் செடியில் வாழ்வதை சாப்மன் என்பவர் 1906 இல் வெளியிட்டிருந்தார். இலங்கை இறகு அந்துகள் அனைத்தையும் தொகுத்துப் பிளெச்சர் எழுதிய கட்டுரை 1909 இல் வெளிவந்தது.

சென்னை மாகாணத்தில்

பிளெச்சர் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு அரசுப் பூச்சியியலாளராகப் பணியாற்றியதன் பயனாக 1914 இல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய அவரது பெருநூல் வெளியாயிற்று. ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட இந்நூல், பயிர்களைத் தாக்கும் பூச்சிகளைப் படங்களுடன் விளக்குகின்றது. பொழுதுபோக்காகத் தொடங்கிய அந்து ஆய்வு உழவரின் விளைச்சலோடு இணைந்தது இங்கேதான்.

துவரையைத் தாக்கும் எக்ஸெலாஸ்டிஸ் அடமோசா இதற்குச் சிறந்த சான்று. 1885 இல் வால்சிங்கம் பிரபு பெயரிட்ட இவ்வினத்தின் புழு பசுமையானது. உடலில் குறுமயிர்கள் உண்டு. முதலில் காயின் மேற்பரப்பைச் சுரண்டும். பின்பு துளையிட்டு, உடல் முழுவதையும் உள்ளே நுழைக்காமலே விதையை உண்ணும். கூட்டுப்புழுவும் காயின் மீதே ஒட்டியிருக்கும். அவரையில் வாழும் மற்றொரு இறகு அந்து மொட்டுகளையும் பூக்களையும் தாக்குவது; அது துவரையிலும் காணப்படும். பழைய இந்திய நூல்கள் இதனை ஸ்பெனார்க்கஸ் காபர் என்று குறித்தன. அப்பெயர் ஆப்பிரிக்க இனம் ஒன்றுக்கு உரியதெனப் பிற்காலத்தில் கொள்ளப்பட்டு, ஆசிய இனம் ஸ்பெனார்க்கஸ் அனிசோடாக்டைலஸ் எனப் பிரிக்கப்பட்டது. ஆகவே பழைய நூலிலுள்ள பெயரை அப்படியே எடுத்துக்கொண்டால் பரவல் வரைபடமே பிழையாகிவிடும்.

கடலூர், சிதம்பரம் பகுதிகள்

இன்றைய கடலூர் மாவட்டம் பிளெச்சர் காலத்தில் தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதியாயிருந்தது. கடலூரை அடுத்த பாலூரில் 1905 இலேயே வேளாண் ஆய்வு நிலையம் நிறுவப்பட்டிருந்தது. நிலக்கடலை அம்மாவட்டத்தின் முதன்மைப் பயிர்களுள் ஒன்று. அதன் இலைகளை மடித்து உள்ளிருந்து அரிக்கும் சுருள் பூச்சியும் ஒரு சிற்றந்தே. ஆயினும் அது இறகு அந்துக் குடும்பத்தைச் சார்ந்தது அன்று.

இப்பகுதியில் இறகு அந்துகளைத் தேட விரும்பும் மாணவர், பிளெச்சரின் வழியில் செடியிலிருந்து தொடங்கலாம். வரப்பிலுள்ள துவரை, கொல்லைப்புற அவரைப் பந்தல் ஆகியவை முதலில் பார்க்கத்தக்கன. மணற்பாங்கான வெளிகளிலும் தெருவோரங்களிலும் படரும் மூக்கிரட்டை, வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் பரவியுள்ள மெகலோரிபிடா லியூகோடாக்டைலா என்னும் இனத்தின் உணவுச் செடி. உண்ணிச்செடிப் பூக்களில் லாண்டனோபாகா புசில்லிடாக்டைலா வாழும். உண்ணிச்செடி அமெரிக்காவிலிருந்து வந்தது; இந்த அந்தும் அமெரிக்க இனமே. அச்செடியைக் கட்டுப்படுத்துவதற்காக 1902 இல் இதனை ஹவாய்த் தீவுகளுக்கு வேண்டுமென்றே கொண்டு சென்றனர். ஓர் இனத்தின் பரவலுக்கு அதன் சிறகை விட மனிதனின் கப்பல் மிகுதியாக உதவக்கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

பூசாவில்

மாக்ஸ்வெல் லெப்ராயை அடுத்துப் பேரரசுப் பூச்சியியலாளரான பிளெச்சர், பீகாரிலுள்ள பூசா ஆய்வு நிறுவனத்தில் 1932 இல் ஓய்வு பெறும் வரை இருந்தார். 1915 முதல் அங்கு அவர் கூட்டிய பூச்சியியலாளர் மாநாடுகள், மாகாணங்களில் தனித்தனியே உழைத்தவர்களை ஒன்றுசேர்த்தன. இந்தியச் சிற்றந்துகளின் வாழ்க்கை வரலாறுகளைக் கூறும் அவரது வரிசை 1920 இல் இறகு அந்துகளைக் கொண்டே தொடங்கிற்று. எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்தச் செடியில் என்று குறித்துவைத்த அவ்வெளியீடே அவரது ஆக்கங்களுள் இன்றும் மிகப் பயன்படுவது எனலாம். இங்கிலிஸ் என்பவருடன் இணைந்து இந்தியத் தோட்டப் பறவைகளைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார்.

பிற்காலமும் மதிப்பீடும்

ஓய்வுக்குப் பின் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் ஸ்ட்ரவுட் நகருக்கு அருகிலுள்ள ராட்பரோவில் வாழ்ந்தார். சிற்றந்துகளின் பேரினப் பெயர்களை 1929 இல் பட்டியலிட்ட அவர், பெயரீட்டு வழக்குகளில் மிகுந்த நாட்டம் கொண்டிருந்தார். ஆயினும் அவரது வகைப்பாட்டு முடிவுகள் சில, பின்வந்தோரால் ஐயத்திற்கு உள்ளாக்கப்பட்டன. ஒரே இனத்திற்கு இரு பெயர்களும், இரு இனங்களுக்கு ஒரே பெயரும் வழங்கிய காலத்தில் இது வியப்பன்று. குடும்பப் பெயரும் இதற்கு விலக்கன்று: 1910 இல் அவர் ஓர்னியோடிடே என எழுதிய, ஒவ்வொரு சிறகும் ஆறு இறகுகளாகப் பிளந்த அந்துகளின் குடும்பம் இன்று அலுசிடிடே எனப்படுகிறது.

நெதர்லாந்தைச் சேர்ந்த கீலிஸ் 2003 இல் வெளியிட்ட உலக இறகு அந்துப் பட்டியலில், பிளெச்சர் பெயரிட்ட இனங்கள் சில நிலைபெற்றுள்ளன. வேறு சில, பிற இனங்களின் ஒத்தபெயர்களாகச் சேர்க்கப்பட்டுள்ளன.