மணமற்ற நஞ்சைத் தேடியவர்

1896ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பிரிட்டனின் வேல்சுப் பகுதியிலுள்ள டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 57 பேர் மாண்டனர். வெடியின் அதிர்ச்சியும் தீயுமே அவர்களைக் கொன்றிருக்க வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால், அங்கு வந்த மருத்துவர் ஒருவர் உடல்களைக் கூர்ந்து ஆராய்ந்தார். பலருடைய உடலில் பெருங்காயம் இல்லை. தோல் மட்டும் உயிருள்ளவரைப் போலச் சிவந்திருந்தது. குருதியைச் சோதித்தபோது உண்மை விளங்கிற்று. அவர்களுள் பெரும்பாலோர் வெடிப்பிலிருந்து தப்பியவர்கள். அதன்பின் சுரங்கத்துள் பரவிய கார்பன் மோனாக்சைடைச் சுவாசித்து இறந்தவர்கள். அந்த மருத்துவர் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

ஹால்டேன் 1860ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் எடின்பரோவில் பிறந்தார். 1884இல் மருத்துவப் பட்டம் பெற்றார். நோயாளிகளைப் பார்த்துப் பொருளீட்டும் வழி திறந்திருந்தும், அவருடைய மனம் காற்றின்மீதே சென்றது. டண்டீ நகரில் உடனாய்வாளர்களோடு சேர்ந்து, நள்ளிரவுக்குப் பின் ஏழைகளின் ஓரறை வீடுகளுக்குச் சென்று, உறங்குவோரைச் சூழ்ந்திருந்த காற்றைக் குடுவைகளில் சேகரித்தார். காற்றோட்டமற்ற இல்லமும் நோய்க்கு இடமாகும் என்பதை அளந்து காட்டிய பணி அது. பின்னர் அவர் ஆக்ஸ்போர்டுக்குச் சென்றார்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் இதனைப் பற்றிக்கொள்கிறது. நெஞ்சு நிறையக் காற்றிருந்தும் உடல் ஆக்சிஜனின்றித் தவிக்கிறது. இதன் படிநிலைகளை அறிய ஹால்டேன் வேறொருவரை நாடவில்லை. அந்த வாயுவைத் தாமே சுவாசித்தார். இடையிடையே தம் குருதியை எடுத்துச் சோதித்தார். ஹீமோகுளோபினில் பாதியளவை நஞ்சு பற்றும்வரை சோதனையை நீட்டினார். மூச்சிரைத்தது, பார்வை மங்கிற்று, கால்கள் தள்ளாடின. துணிவு என்று இதனைப் போற்றலாம். எனினும் ஒவ்வோர் அளவையும் அவர் தவறாது குறித்துவைத்ததே பெரிது என்று தோன்றுகிறது.

அச்சோதனையின்போது உடனிருந்த சுண்டெலி அவருக்கு முன்பே சாய்ந்தது. சிற்றுயிர்கள் விரைந்து மூச்சுவிடுவதால் நஞ்சு அவற்றை முதலில் தாக்கும். எனவே, சுண்டெலியையோ சிறு பறவையையோ சுரங்கத்துக்குள் கொண்டுசெல்லுமாறு அவர் பரிந்துரைத்தார். கேனரிக் குருவி சுரங்கத் தொழிலாளரின் துணையானது இவ்வாறுதான். குருவி தள்ளாடினால், மனிதர் வெளியேறச் சிறிது நேரம் கிடைக்கும். பிரிட்டானியச் சுரங்கங்களில் 1986ஆம் ஆண்டில் மின்னணுக் கருவிகள் அக்குருவிகளின் இடத்தைப் பெற்றன.

இந்நஞ்சு சுரங்கத்துக்கு மட்டும் உரியதன்று. அக்காலத்தில் பிரிட்டனின் வீடுகளுக்கு விளக்கெரிக்கக் குழாய்வழி வந்த நிலக்கரி வாயுவிலும் அது கலந்திருந்தது. இன்று குளிருக்கு அஞ்சிக் கதவடைத்த அறையில் கரியடுப்பை மூட்டினாலும், வீட்டினுள் ஜெனரேட்டரை ஓட்டினாலும் அதே நஞ்சு பிறக்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை அதன் தொடக்க அறிகுறிகள். சாளரத்தைத் திறந்து, உடனே வெளியே வருவதே முதல் உதவி.

ஹால்டேன் தம் சிறுவயது மகனையும் சுரங்கத்துக்கு அழைத்துச் சென்றார். ஓரிடத்தில் அவனை நிமிர்ந்து நின்று, ஷேக்ஸ்பியரின் நாடகப் பகுதியொன்றை ஒப்பிக்கச் செய்தார். சிறிது நேரத்தில் அவன் மூச்சிரைத்துக் கீழே சரிந்தான். தரையருகே நல்ல காற்று இருந்தது. மீத்தேன் காற்றைவிட இலேசானது, மேலே தங்கும் என்பதை அச்சிறுவன் வாழ்நாளில் மறக்கவில்லை. நம் சமையலறை உருளையிலுள்ள வாயுவோ காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படரும். கசிவை உணர்த்தவே அதில் நாற்றப்பொருளைச் சேர்க்கின்றனர். அந்நாற்றம் எழுந்தால் மின்பொத்தானைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடிக் கதவுகளைத் திறந்துவிட வேண்டும்.

ஆழ்கடலில் மூழ்குவோர் படிப்படியாக மேலேறுவதற்கான கால அட்டவணையை 1908இல் வகுத்தளித்தவரும் ஹால்டேனே. 1915இல் போர்க்களத்தில் நச்சுவாயு வீசப்பட்டபோது, அது குளோரின் என உறுதிசெய்யப் பிரான்சுக்குச் சென்றார். 1936ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆக்ஸ்போர்டில் காலமானார்.

சுரங்கத்தில் சரிந்து விழுந்த அச்சிறுவனே மரபியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன். அவர் 1957இல் இந்தியாவுக்கு வந்து, இந்நாட்டுக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.