கணிப்பொறிக்கு வித்திட்ட ஆலன் டூரிங்

வங்கி, மருத்துவமனை, இரயில் நிலையம் என்று எங்கு நோக்கினும் இன்று கணிப்பொறியின் ஆட்சிதான். அதனுள் ஏதோ மாபெரும் அறிவு குடியிருப்பதாகவே நாங்களும் எண்ணியிருந்தோம். மிகச் சிறிய கட்டளைகள் சிலவே அதற்குப் போதும் என்று 1936-ஆம் ஆண்டிலேயே காட்டியவர் ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலேயர்.

அவர் 1912-ஆம் ஆண்டு சூன் 23-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தையார் சென்னை மாகாணத்தில் அரசு அதிகாரி. தாயார் பிறந்ததோ நம் கோவையை அடுத்த போத்தனூரில்! பெற்றோர் இந்தியாவில் இருந்த காலங்களில் ஆலனும் அவருடைய தமையனும் இங்கிலாந்தில் பிறர் வீட்டில் வளர்ந்தனர்.

1926-இல் ஷெர்போர்ன் பள்ளியில் அவர் சேரவேண்டிய நாளில் நாடெங்கும் வேலைநிறுத்தம், இரயில் ஓடவில்லை. 13 வயதே நிரம்பிய ஆலன், ஏறத்தாழ 60 மைல் தூரத்தைச் சைக்கிளிலேயே கடந்து பள்ளியை அடைந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த அருமைத் தோழர் கிறிஸ்டோபர் மார்க்கம் 1930-இல் காசநோயால் இறந்தார். தோழர் விட்டுச்சென்ற பணியைத் தாம் தொடரவேண்டும் என்று ஆலன் உறுதி பூண்டார்.

பின்னர்க் கேம்பிரிட்ஜில் பயின்றார். 1936-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கற்பனை இயந்திரத்தை விவரித்தார். கட்டம் கட்டமாகப் பிரித்த நீண்ட நாடா ஒன்று. இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டுமே பார்க்கும். அதில் குறியிடும் அல்லது அழிக்கும். வலமோ இடமோ ஒரு கட்டம் நகரும். அவ்வளவே.

இதை எளிதில் நம்பாத நாங்கள், பள்ளித் தாழ்வாரத்தில் சாக்கட்டியால் கட்டங்கள் வரைந்தோம். மூன்று கட்டங்களில் ஒவ்வொரு கூழாங்கல், அடுத்து ஒரு வெற்றுக் கட்டம், பிறகு இரண்டு கட்டங்களில் ஒவ்வொரு கல். எங்களுள் ஒருத்தி இயந்திரமானாள். கல்லைக் கண்டால் அவள் வலப்புறம் நகரவேண்டும். முதல் வெற்றுக் கட்டத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு மேலும் வலப்புறம் செல்லவேண்டும். அடுத்த வெற்றுக் கட்டம் வந்ததும் ஒரு கட்டம் பின்வாங்கி, அங்குள்ள கல்லை எடுத்துவிட்டு நிற்கவேண்டும். அவள் எண்ணவுமில்லை, கூட்டவுமில்லை. ஆயினும் ஐந்து கற்கள் வரிசையாக நின்றன!

டூரிங் இன்னும் ஒரு படி மேலே சென்றார். கட்டளைகளையும் குறிகளாக்கி அதே நாடாவில் எழுதிவிட்டால், அவற்றைப் படித்து நடக்கும் ஒரே இயந்திரம் மற்ற எல்லா இயந்திரங்களின் வேலையையும் செய்யும் என்று நிறுவினார். கூட்டலுக்கு ஒன்று, பெருக்கலுக்கு ஒன்று என்று தனித்தனி இயந்திரம் வேண்டியதில்லை. எவ்வளவு சிறிய கணிப்பொறி மொழியானாலும், அதற்கு உயிரூட்டுவது இந்தக் கருத்தே.

இரண்டாம் உலகப் போரின்போது பிளெட்ச்லி பார்க் என்னுமிடத்தில், செருமானியரின் எனிக்மா இரகசியச் செய்திகளை அறிய உதவும் இயந்திரத்தை உருவாக்குவதில் பெரும்பங்கு ஆற்றினார். ஆனால் அப்பணி இரகசியமாகவே வைக்கப்பட்டதால் ஊரார் அவரை அறியவில்லை. 1952-இல், மற்றோர் ஆடவரோடு கொண்ட உறவுக்காக அன்றைய சட்டப்படி அவர் தண்டிக்கப்பட்டார். 1954 சூன் 7-ஆம் நாள், 41 வயதிலேயே மறைந்தார். 2009-இல் பிரிட்டிஷ் பிரதமர் அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013-இல் அரசியார் மன்னிப்பு வழங்கினார். மன்னிப்பு யார் யாரிடம் கேட்கவேண்டியது என்று நாங்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

பெரிய கணக்கைக் கண்டு மலைக்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்தக் கூழாங்கற்கள் நினைவுக்கு வருகின்றன. ஒரு நேரத்தில் ஒரு கட்டம் போதும். ஆனால் மனிதரை மட்டும் கட்டத்துக்குள் அடைத்துவிடக் கூடாது என்பதையும் டூரிங்கின் வாழ்வு நமக்குக் கற்றுத் தருகிறது.