கடிகாரத்தோடு ஓடிய பாவோ நூர்மி

ஐரோப்பாக் கண்டத்தின் வடகோடியில், நெடுங்குளிரும் பனியும் சூழ்ந்த சிறு நாடு பின்லாந்து. அந்நாட்டின் துறைமுகப் பட்டினமாகிய துர்க்குவில், 1897-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13-ஆம் தேதி, ஓர் ஏழைத் தச்சரின் மூத்த மகனாகப் பிறந்தார் பாவோ நூர்மி. ஒன்பது தங்கப் பதக்கங்களும் மூன்று வெள்ளிப் பதக்கங்களும் ஒலிம்பிக் பந்தயங்களில் வென்று, 22 முறை உலக சாதனையை நிலைநாட்டிய இவ்வோட்டக்காரரின் பெயர் நம்மில் மூத்தோர் சிலருக்கு நினைவிருக்கலாம். இளைஞர்கள் அறிய வேண்டும் என்ற ஆசையாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

1910-இல் தந்தையார் காலமானார். பாவோவுக்கு அப்போது வயது பதின்மூன்று கூட நிறையவில்லை. குடும்பம் ஒரே அறையில் ஒடுங்கிக் கொண்டு, சமையலறையையும் வேறொருவருக்கு வாடகைக்கு விட்டது. படிப்பில் கெட்டிக்காரனாயிருந்தும் பையன் பள்ளிக்கூடத்தை விட்டு ரொட்டிக் கிடங்கு ஒன்றில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். பாரம் ஏற்றிய தள்ளுவண்டியைத் துர்க்குவின் மேட்டுச் சரிவுகளில் ஏற்றுவது அவன் தினசரி வேலை. தமது முதுகுக்கும் கால்களுக்கும் உரம் ஊட்டியவை அம்மேடுகளே என்று பிற்காலத்தில் அவரே கருதினார்.

1912-இல் ஸ்டாக்ஹோம் நகரத்து ஒலிம்பிக் பந்தயங்களில் ஹானஸ் கோலெஹ்மைனன் என்ற பின்லாந்து வீரர் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். அந்நாளில் பின்லாந்து ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. சுதந்தரம் வந்தது 1917-இல்தான். ஆகவே அவ்வெற்றி அந்நாட்டு மக்களுக்கு வெறும் விளையாட்டுச் செய்தியாக இருக்கவில்லை. பதினைந்து வயது நூர்மி, சில நாட்களுக்குள் தன் முதல் ஓட்டக் காலணியை வாங்கினான். கோடையில் காடுமேடுகளில் ஓட்டம், குளிர்காலத்தில் பனிச்சறுக்கு எனப் பயிற்சி தொடங்கியது. 1919-இல் இராணுவ சேவையின்போது நடந்த 20 கிலோ மீட்டர் அணிநடைப் போட்டியில், துப்பாக்கியும் தோட்டாப் பட்டையும் 5 கிலோ மணல் நிரம்பிய பையும் சுமந்து, மற்றவர்கள் நடக்க இவர் முழுத் தூரத்தையும் ஓடியே முடித்தார். குறுக்கு வழியில் வந்திருப்பாரோ என்று அதிகாரிகளில் சிலர் ஐயுற்றார்களாம்!

1920-இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக். 5,000 மீட்டர் ஓட்டத்தில் நூர்மி தொடக்கம் முதலே வேகத்தைக் கூட்டிப் போட்டியாளர்களைக் களைப்படையச் செய்ய முயன்றார். பிரெஞ்சு வீரர் கியேமோ மட்டும் களைக்கவில்லை. பின்னாலேயே வந்து, இறுதியில் முந்திச் சென்றுவிட்டார். நமது சங்க விழாப் பந்தயங்களில் பிள்ளைகள் முதற்சுற்றில் அம்பாகப் பாய்ந்து, கடைசிச் சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஆண்டுதோறும் காண்கிறோம் அல்லவா? ஏறக்குறைய அதே கதைதான். ஆனால் நூர்மி அத்தோல்வியை வீணாக்கவில்லை. மூன்று நாள் கழித்து நடந்த 10,000 மீட்டர் ஓட்டத்தில் பிறரை முன்னே ஓடவிட்டுப் பொறுத்திருந்து, கடைசியில் அதே கியேமோவை வென்றார். வயல்வெளி ஓட்டத்தில் தனி வெற்றியும் குழு வெற்றியும் சேர, மூன்று தங்கம், ஒரு வெள்ளியுடன் ஊர் திரும்பினார். இவ்வெற்றிகளின் பயனாகத் துர்க்குவிலிருந்த வீட்டுக்கு மின்விளக்கும் தண்ணீர்க் குழாயும் வந்தன. எனக்கென்னவோ, பதக்கங்களைவிட அந்தத் தண்ணீர்க் குழாயே அவருடைய தாயாருக்குப் பெரிதாகத் தோன்றியிருக்கும் என்று படுகிறது.

இதன் பின்னர்தான் அவர் கையில் ஸ்டாப் வாட்ச் ஏறியது. பயிற்சியிலும் பந்தயத்திலும் அதைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடலானார். ஆரம்பத்தில் அளவுக்கு மீறி வேகம் எடுப்பவனுக்கு மூச்சுக் கடன் ஏறிவிடுகிறது. அக்கடனைக் கடைசிச் சுற்றுகளில் கால்கள் வட்டியும் முதலுமாகக் கட்ட நேர்கிறது. ஆதலின் முழுத் தூரத்துக்கும் வலிமையைச் சமமாகப் பங்கிட்டு, ஒவ்வொரு சுற்றையும் குறித்த விநாடிக்குள் முடிப்பதே உத்தமம் என்பது அவர் கண்ட முறை. பக்கத்தில் ஓடுபவனை அவர் பார்ப்பதில்லை, கடிகாரத்தைப் பார்ப்பார். கால அட்டவணையோடு ஆயுளைக் கழிக்கும் என் போன்ற ரயில்வே குமாஸ்தாக்களுக்கு இம்மனிதரிடம் ஏற்படும் பிரியத்துக்குக் காரணம் சொல்லவும் வேண்டுமோ!

1923 ஆகஸ்டு 23-ஆம் தேதி ஸ்டாக்ஹோமில், சுவீடன் நாட்டுப் பள்ளி ஆசிரியரான எட்வின் வீடே என்பவரோடு மோதி, ஒரு மைல் தூரத்தை 4 நிமிடம் 10.4 விநாடியில் ஓடினார். எட்டு ஆண்டுகளாக நின்ற சாதனை வீழ்ந்தது. மைல், 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய மூன்று தூரங்களின் உலக சாதனைகளையும் ஏககாலத்தில் வைத்திருந்தவர் இவர் ஒருவரே.

அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக். 1,500 மீட்டர், 5,000 மீட்டர் ஆகிய இரண்டின் இறுதிப் பந்தயங்களும் ஒரே நாளில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளியில் வைக்கப்பட்டிருந்தன. போதாக்குறைக்கு, அவ்வாண்டு வசந்தத்தில் உறைபனிச் சாலையில் விழுந்து முழங்காலில் பலத்த காயம் பட்டிருந்தார். குணமடைந்ததும் நாளுக்கு இரு வேளைப் பயிற்சியை மேற்கொண்டார். காலையில் பத்துக் கிலோ மீட்டர் அளவு நடை, நடுநடுவே விரைவோட்டம்; பின் தேகப்பயிற்சி; அதன்பின் பந்தய ஓடுபாதையில் 100 மீட்டர் அளவுள்ள குறு ஓட்டங்கள் சில, தொடர்ந்து நீண்ட ஓட்டங்கள்; மாலையில் காட்டு வழியே மறுபடியும் ஓட்டம். நெடுந்தூரக்காரனுக்கும் குறுந்தூர வேகம் வேண்டும் என்பதை அவர் மறக்கவில்லை. ஜூன் 19-ஆம் தேதி ஹெல்சிங்கியில் ஓர் ஒத்திகை நடத்தினார். 1,500 மீட்டரை 3 நிமிடம் 52.6 விநாடியில் ஓடினார், உலக சாதனை. சுமார் ஒரு மணி இளைப்பாறிவிட்டு, 5,000 மீட்டரை 14 நிமிடம் 28.2 விநாடியில் ஓடினார். அதுவும் உலக சாதனை. 400 மீட்டருக்குச் சராசரி 69½ விநாடி வீதம் பன்னிரண்டரை முறை என்று கணக்கிட்டால் அதன் அருமை விளங்கும்.

ஜூலை 10-ஆம் தேதி பாரிஸில் அவ்வொத்திகை அப்படியே அரங்கேறியது. 1,500 மீட்டரில் எளிதாகத் தங்கம் வென்றார். 5,000 மீட்டரில், சொந்த நாட்டவரான வில்லே ரிட்டோலாவும் வீடேயும் அவர் களைத்திருப்பார் என்று நம்பி வேகமாக முன்னேறினார்கள். நூர்மி தம் கணக்கை மாற்றிக் கொள்ளவில்லை. வேகம் பொய்க்கும் என்று அறிந்து பொறுத்தார். முடிவில் 14 நிமிடம் 31.2 விநாடியில், ரிட்டோலாவை விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வென்றார். 12-ஆம் தேதி நடந்த வயல்வெளி ஓட்டமோ கொடுமையானது. வெயில் 40 பாகையைத் தாண்டிற்று. புறப்பட்டவர் 38 பேர். முடித்தவர் 15 பேரே. பலர் மயங்கி வீழ்ந்தனர். நூர்மி ஏதும் நேராதவர் போல் முதலாவதாக வந்தார். மறுநாள் 3,000 மீட்டர் குழு ஓட்டம். ஆக, நான்கு நாட்களில் ஐந்து தங்கம். 10,000 மீட்டர் ஓட்டத்துக்கு மட்டும் பின்லாந்து அதிகாரிகள் அவர் பெயரைக் கொடுக்கவில்லை. அதில் ரிட்டோலா வென்றார்.

1925-இல் அமெரிக்கா சென்று ஐந்து மாதங்களில் 55 போட்டிகளில் கலந்து கொண்டார். 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் 10,000 மீட்டரில் தங்கம், வேறு இரண்டில் வெள்ளி. அங்கே தடை ஓட்டத்தின் முதற்கட்டத்தில் நூர்மி நீர்ப்பள்ளத்தில் விழுந்துவிட்டார். பிரெஞ்சு வீரர் டுகேன் நின்று அவரைத் தூக்கி விட்டார். நன்றி மறவாத நூர்மி, டுகேனுக்கு வழிகாட்டி மற்றவர்களை முந்தச் செய்து, முதலிடத்தையும் அவருக்கே விட்டுக்கொடுக்க முன்வந்தார். டுகேன் அதை ஏற்க மறுத்தார். சிரிப்பையே அறியாதவர், கல்நெஞ்சர் என்று நூர்மியைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதி வந்த காலம் அது.

அவருடைய ஆசை மராத்தான் ஓட்டத்தில் ஒரு தங்கத்தோடு விடைபெறுவது. 1932 ஜூனில் வீபுரி நகரில் 40.2 கிலோ மீட்டரை ஓடி, இரண்டாமவரான தோய்வனெனை ஆறு நிமிடம் பின்னே நிறுத்தினார். ஆனால் அதற்கு முன்னரே, ஏப்ரலில், சுவீடன் நாட்டு எட்ஸ்ட்ரம் தலைமையிலான சர்வதேச சம்மேளனம் அவரைத் தடை செய்திருந்தது. 1931-இல் ஜெர்மனியில் ஓடியபோது அனுமதித்த அளவுக்கு மேல் பிரயாணச் செலவு பெற்றார் என்பது குற்றச்சாட்டு. பிரயாணப்படி பில்லைப் பற்றி எங்கள் இலாகாவில் எழும் ஆட்சேபணைகளை அறிந்த எனக்கு, உலகின் தலைசிறந்த ஓட்டக்காரரின் வாழ்வு அப்படியொரு பில்லில் முடிந்ததை எண்ண மனம் ஆறவில்லை. விதி விதியே, ஆயினும் ஊதியமின்றி விளையாடு என்ற விதி, தகப்பன் சொத்தில் விளையாடுகிறவனுக்கு எழுதப்பட்டது. தள்ளுவண்டி தள்ளிய பையனுக்கு அது பொருந்துமா? லாஸ் ஏஞ்சல்ஸ் வரை சென்று பயிற்சி செய்து கொண்டு காத்திருந்தார். பந்தயங்கள் தொடங்கச் சில நாட்களே இருக்கையில் மறுப்பு உறுதியாயிற்று. நூர்மி ஆறு நிமிடம் முந்தியிருந்த அந்தத் தோய்வனென், அங்கே மராத்தானில் வெண்கலம் பெற்றார்.

1934-இல் ஓட்டத்தை விட்டார். இல்லறம் சில ஆண்டுகளில் முறிந்தது. வியாபாரத்திலோ கணக்குப் பிசகவில்லை. ஹெல்சிங்கியில் ஆடவர் ஆடைக் கடை வைத்தார், அடுக்குமாடி வீடுகள் கட்டிப் பெருஞ் செல்வரானார். 1940-இல், ருஷ்யப் போரினால் நாடு துன்புற்றபோது, தைஸ்தோ மாகி என்ற இளம் வீரரை அழைத்துக்கொண்டு அமெரிக்காவெங்கும் சென்று நிதி திரட்டினார்.

1952 ஜூலை 19-ஆம் தேதி ஹெல்சிங்கி ஒலிம்பிக்கின் தொடக்க விழா. நமது நாடு ஹாக்கியில் தங்கமும், மல்யுத்தத்தில் ஜாதவ் மூலம் வெண்கலமும் பெற்ற பந்தயங்கள் அவை. தீபத்தை ஏந்தி வருபவர் யார் என்பது இரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. வழுக்கைத் தலையோடு, ஆனால் அதே பழைய நடையழகோடு, 55 வயது நூர்மி மைதானத்துள் ஓடி வந்தார். அணிவகுத்து நின்ற பல நாட்டு வீரர்கள் வரிசை குலைந்து அவரைக் காண ஓடினார்கள். அவர் கையிலிருந்த தீபத்தைப் பெற்றுக் கோபுரத்தில் ஏற்றியவர், 1912-இல் சிறுவன் நூர்மியை ஓடத் தூண்டிய அதே கோலெஹ்மைனன்.

கடைசிக் காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் கண்பார்வைக் குறைவும் அவரை வாட்டின. விஞ்ஞானத்துக்கும் கலைக்கும் முன் விளையாட்டு வீண் பொழுது என்று கசப்போடு பேசியதும் உண்டு. பேட்டி கொடுக்க விரும்பாத அவர், 1967-இல் எழுபதாவது பிறந்தநாளின்போது, கேள்வி கேட்பவர் ஜனாதிபதி கெக்கோனனே என்று அறிந்த பின்புதான் வானொலிக்கு இசைந்தார். மறு ஆண்டு, தம் செல்வத்தைக் கொண்டு இருதய நோய் ஆராய்ச்சிக்காக ஓர் அறநிலையம் நிறுவினார். 1973 அக்டோபர் 2-ஆம் தேதி ஹெல்சிங்கியில் அவர் உயிர் நீத்தார். அரசாங்க மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. உடல் துர்க்குவுக்கே கொண்டு செல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.