வலி போக்கும் மருந்தைக் கண்ட கடைப் பையன்

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராமம். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவருக்குப் புற்றுநோய். இரவெல்லாம் வலி. அவரும் தூங்குவது இல்லை. வீட்டில் உள்ளவர்களும் தூங்குவது இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மார்பின் என்று அதற்குப் பெயர். ஆனால் அதைக் கொடுக்க வீட்டாருக்குப் பயம். அது அபினில் இருந்து எடுப்பதாயிற்றே, கொடுத்தால் போதைப் பழக்கம் வந்துவிடும், மூச்சு நின்றுவிடும் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். மாத்திரை அலமாரியில் இருக்கிறது. பெரியவர் கட்டிலில் துடிக்கிறார்.

இப்படிப்பட்ட வீடு பாலக்கோட்டிலும் உண்டு, பென்னாகரத்திலும் உண்டு, அரூரிலும் உண்டு.

இந்தப் பயத்தில் பாதி உண்மை, பாதி பொய். எது உண்மை, எது பொய் என்பதை அறியத் தன் உடம்பையே பணயம் வைத்தார் ஒருவர். அவர் டாக்டர் அல்ல. மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்த ஏழைப் பையன். பெயர் பிரீட்ரிக் செர்ட்டூர்னர்.

தந்தையை இழந்த சிறுவன்

ஜெர்மனியில் பாடர்போர்ன் நகருக்கு அருகே நாய்ஹவுஸ் என்று ஓர் ஊர். அங்கே 1783-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி செர்ட்டூர்னர் பிறந்தார். தந்தை என்ஜினீயர். அவர் 1798-ல் இறந்துபோனார். மேலே படிக்கப் பணம் இல்லை.

அடுத்த ஆண்டே பையன் பாடர்போர்னில் ஒரு மருந்துக் கடையில் வேலை பழகச் சேர்ந்தான். மருந்து இடிப்பது, அரைப்பது, நிறுப்பது, பொட்டலம் கட்டுவது, இவைதான் வேலை. நான்கு ஆண்டு கழித்துப் பரீட்சை எழுதித் தேறினான். கடையில் உதவியாளர் ஆனான்.

அந்தக் காலத்தில் வலிக்கு இருந்த பெரிய மருந்து அபின். நம் வீட்டில் குருமாவுக்கு அரைத்து ஊற்றும் கசகசா இருக்கிறதே, அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அது உறைந்தால் அபின்.

அபினில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. ஒரே எடைதான் கொடுப்பார்கள். ஒரு நாள் வலி கொஞ்சமும் குறையாது. இன்னொரு நாள் நோயாளி கண்ணை மூடினால் திறக்கவே மாட்டார்.

காரணம் என்ன? அபினுக்குள் மறைந்திருக்கும் சத்து, விளைந்த நிலத்துக்கும் பருவத்துக்கும் தகுந்தபடி கூடும், குறையும். சத்தை மட்டும் தனியாகப் பிரித்துவிட்டால் சரியாக நிறுத்துக் கொடுக்கலாம் அல்லவா? இப்படி நினைத்தார் அந்த இளைஞர்.

வெள்ளைப் படிகம்

கடை வேலை முடிந்த நேரங்களில் அவர் பரிசோதனை செய்தார். அபினைக் கரைத்தார், வடிகட்டினார், அம்மோனியாவைச் சேர்த்தார். அடியில் படிகம் படிந்தது. அதை நாய்களுக்குக் கொடுத்தார். அவை தூங்கின. அபினின் சத்து அகப்பட்டுவிட்டது! அப்போது அவருக்கு வயது சுமார் 21.

கண்டதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார். அச்சில் வந்தது. ஆனால் அறிஞர்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

1806-ல் அவர் ஐன்பெக் என்ற ஊருக்குப் போனார். அங்கே சொந்தமாகக் கடை வைத்தார். ஆராய்ச்சியை விடவில்லை.

நால்வர் செய்த சோதனை

நாய் தூங்கியது சரி. மனிதனுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? இதை அறிய அவர் பயங்கரமான காரியம் ஒன்றைச் செய்தார். தாமே அந்த மருந்தைச் சாப்பிட்டார். 17 வயதைத் தாண்டாத மூன்று பையன்களும் உடன் சாப்பிட்டார்கள்.

முதல் தடவை சுமார் 30 மில்லிகிராம். முகம் சிவந்தது, உடம்பு சுட்டது. அரைமணி கழித்து மறுபடியும் அதே அளவு. தலை சுற்றியது, குமட்டியது. கால்மணி கழித்து மூன்றாம் தடவை. வயிறு வலித்தது, கைகால் துவண்டது, மயக்கம் வந்தது.

செர்ட்டூர்னர் நடுங்கிப் போனார். இது நஞ்சாக மாறிவிட்டது என்று தெரிந்தது. உடனே எல்லோரும் வினிகர் என்ற காடியைக் குடித்து வாந்தி எடுத்தார்கள். நால்வரும் பிழைத்தார்கள். ஆனால் சில நாள் வரை உடம்பு சரியாகவில்லை.

முக்கால் மணி நேரத்தில் அவர்கள் விழுங்கியது சுமார் 90 மில்லிகிராம். இன்று புதிதாக இந்த மருந்தைத் தொடங்குவோருக்கு டாக்டர்கள் ஒரு வேளைக்குப் பெரும்பாலும் 10 மில்லிகிராமோ அதற்கும் குறைவாகவோதான் கொடுக்கிறார்கள். அந்த நால்வர் எவ்வளவு பெரிய ஆபத்தில் இருந்து தப்பினார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

புகழும் துயரமும்

1817-ல் இந்தச் சோதனையை அவர் வெளியிட்டார். கிரேக்கர்களின் கனவுத் தெய்வமான மார்பியசின் பெயரைத் தம் மருந்துக்கு வைத்தார். இப்போது உலகம் திரும்பிப் பார்த்தது. அதே ஆண்டில் ஜேனா பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. 1831-ல் பிரான்சு நாட்டு அறிஞர் சபை 2 ஆயிரம் பிராங்க் பரிசு அளித்தது.

ஆனால் நெப்போலியனின் ஆட்சி கவிழ்ந்தபின், ஐன்பெக் கடைக்குப் பெற்ற உரிமம் செல்லாமல் போய்விட்டது. பிறகு ஹாமல்ன் நகரில் கடை நடத்தினார். கடைசிக் காலத்தில் கீல்வாதம் வாட்டியது. மனச் சோர்வும் வந்தது. வலிக்குத் தாம் கண்ட மருந்தையே அவர் அதிகம் நாடினார் என்று கூறப்படுகிறது. 1841 பிப்ரவரி 20-ந் தேதி, 57-வது வயதில் இறந்தார்.

அலட்சியமும் பயமும்

அவருக்குப் பிறகு உலகம் இரண்டு தவறுகளைச் செய்தது. மேல்நாடுகளில் இந்த வகை மருந்துகளை அள்ளிக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் 1990-க்குப் பின் இதனால் லட்சக்கணக்கான குடும்பங்கள் சீரழிந்தன.

இந்தியாவிலோ பயந்து பூட்டி வைத்தார்கள். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்துடன் அபின் விளைகிறது. ஆனாலும் 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்கு அஞ்சிப் பல ஆஸ்பத்திரிகள் மார்பினை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. 2014-ல் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கியது.

2021-ல் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் தொடங்கியது. அந்த ஊர் உள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 வரை தர்மபுரியோடு சேர்ந்திருந்தது. படுக்கையில் கிடக்கும் நோயாளியை வீட்டுக்கே வந்து பார்ப்பதும் இத்திட்டத்தில் உண்டு.

வீட்டார் கவனத்துக்கு

டாக்டர் சொன்ன அளவை, சொன்ன நேரத்தில் தர வேண்டும். வலி தாங்க முடியாமல் போகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வலி குறையவில்லை என்றால் நாமாக ஒரு மாத்திரை கூட்டக் கூடாது. டாக்டரைக் கேட்க வேண்டும். திடீரென்று நிறுத்தவும் கூடாது.

மாத்திரை சாப்பிடும் நாளெல்லாம் மலச்சிக்கல் இருக்கும். அதற்கும் மருந்து கேட்டு வாங்க வேண்டும். சாராயமும் தூக்க மாத்திரையும் இதனோடு சேரவே கூடாது. ஒருவருக்குத் தந்த மாத்திரை இன்னொருவருக்கு ஆகாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். மீந்ததை ஆஸ்பத்திரியில் ஒப்படைக்க வேண்டும்.

எழுப்பினாலும் எழாத தூக்கம், மிக மெதுவான மூச்சு, ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணி, இவை ஆபத்தின் அடையாளம். உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். மார்பினை முறிக்கும் மாற்று மருந்து இருக்கிறது.

இவற்றைக் கவனித்தால் பயம் வேண்டாம். வலிக்காக டாக்டர் மேற்பார்வையில் அளவோடு சாப்பிடும் புற்றுநோயாளிக்குப் போதை வெறி பிடிப்பது அரிது.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது பழமொழி. அளவோடு நின்றால் நஞ்சும் அமுதமாகும் என்பதை அந்தக் கடைப் பையன் கண்டார். அலமாரியில் இருக்கும் மாத்திரையைச் சொன்ன நேரத்தில் எடுத்துக் கொடுத்தால், கட்டிலில் இருக்கும் பெரியவர் இன்று இரவு தூங்குவார். வீடும் தூங்கும்.